ஊசியக்காவும் ரவுண்டானாக் கற்றாழையும்

என் கணவருடைய அக்கா, அதாவது என் அண்ணி, இருபத்தெட்டு வருடமாக ஊர் மக்களின் கையிலும் இடுப்பிலும் குத்திக்கொண்டிருந்தவர். அரசு மருத்துவமனையில் மருந்து வாங்கும் ஜன்னலைத் தாண்டினால் நீலத் திரை போட்ட ஊசி அறை. ஒரு படுக்கை, ஒரு முக்காலி, ஒரு குளிர்பெட்டி, ஒரு அண்ணி. அவ்வளவுதான் அந்த அறை. ஊருக்கு அவர் ஊசியக்கா.

வலிக்காமல் ஊசி போடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தார். பஞ்சால் துடைத்துக்கொண்டே, "உங்க வீட்டு மாடிக்கு எத்தனை படி?" என்று கேட்பார். வந்தவர் மனசுக்குள் படியேற ஆரம்பிப்பார். ஒன்பதாவது படியில் இருக்கும்போது, "ஆச்சு, எழுந்திரிங்க" என்பார் அண்ணி. மாடியே இல்லாத வீட்டுக்காரர்கள் வந்தால் ஜன்னல் கம்பி.

ஐம்பத்தொரு வயதுவரை அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பின்னால் கண்ணீர்க் கதை எதுவும் இல்லை. மாப்பிள்ளை பார்க்க வரும் நாளிலெல்லாம் ஊரில் ஏதாவது ஒரு காய்ச்சல் பரவியது. அண்ணிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நாலைந்து தடவை இப்படி ஆனதும் வரன் பார்த்தவர்களுக்கு அலுத்துவிட்டது, அண்ணிக்குப் பழகிவிட்டது. எங்களோடுதான் இருந்தார். மூன்றாவது மாடி வீடு, தெருப்பக்கம் ஒரு நீள பால்கனி.

அந்த பால்கனியில் ஒரு செடி பிழைத்ததில்லை. அண்ணிக்குச் செடி என்றால் உயிர்; அதனால்தான் அவற்றின் உயிர் போனது. காலையில் ஒரு சொம்பு, வேலைக்குக் கிளம்பும்போது ஒரு சொம்பு, வந்ததும் ஒரு சொம்பு என்று ஊற்றுவார். வேர் அழுகிச் செத்த செடிகளைத் தூக்கிப்போட்டு தூக்கிப்போட்டு என் கணவரின் முதுகு பிடித்துக்கொண்டது. "உன் கையில மனுஷன் பிழைப்பான், செடி பிழைக்காது. விட்டுடு அக்கா," என்று கெஞ்சுவார்.

இப்படி இருக்கையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்துகொண்டு ஒருவர் ஊசி அறைக்குள் வந்தார். காக்கிச் சட்டை, முழங்கால்வரை மண், நரைத்த மீசை.

"உக்காருங்க," என்றார் அண்ணி.

"முடியாது சிஸ்டர். அதுக்குத்தான் வந்திருக்கேன்."

பெரிய ரவுண்டானாவையும் சாலை நடுவில் இருக்கும் செடிகளையும் பார்த்துக்கொள்ளும் நகராட்சித் தோட்டக்காரர் அவர். தாய்ச்செடியின் அடியிலிருந்து ஒரு குட்டியைப் பிடுங்கப் பின்னால் இழுத்திருக்கிறார். குட்டி சட்டென்று கையோடு வர, இவர் போய்ப் பக்கத்துச் செடிமேல் உட்கார்ந்துவிட்டார். முள் உள்ளே போய் முறிந்துவிட்டது.

அண்ணி குப்புறப் படுக்கச் சொல்லி, இடுக்கியால் அந்த முள்ளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு அங்குலம். கறுப்பு கலந்த பழுப்பு, நுனியில் கண்ணாடி போல ஒரு பளபளப்பு.

"என் ஊசியைவிடக் கூரா இருக்கே! எந்த மரம் இது?"

"மரமில்ல சிஸ்டர். ஆனைக்கத்தாழை."

"கத்தாழையா? முகத்துக்குத் தடவுவாங்களே, அதா?"

படுத்திருந்தவர் பதறித் தலையைத் தூக்கினார். "தடவிடாதீங்க! இதோட பால் பட்டா தோலு கொப்புளிச்சிடும். நீங்க சொல்றது சோத்துக்கத்தாழை. பாக்கறதுக்கு ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். விசாரிச்சா பங்காளிகூடக் கிடையாது."

அண்ணி சிரித்தாராம். ஊசி அறையில் அவர் சிரித்து அதுவரை யாரும் பார்த்ததில்லை என்று மருந்து ஜன்னல்காரர் பிறகு எனக்குச் சொன்னார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, காயம் ஆறிவிட்டதைக் காட்ட ரவுண்டானாக்காரர் வந்தார். அந்த இடத்தைக் காட்ட முடியாதே, அதனால் ஒரு பெயின்ட் டப்பாவைக் காட்டினார். உள்ளே இவரைக் கவிழ்த்த அதே குட்டி. நீலம் தோய்ந்த சாம்பல் இலை, ஓரத்தில் மஞ்சள் கரை, கரை நெடுக வளைந்த சின்னச் சின்னப் பற்கள்.

"எனக்குச் செடி வராது. தண்ணி ஊத்தியே கொன்னுடுவேன்," என்று அண்ணி உண்மையைச் சொன்னார்.

"அப்போ இதுதான் உங்களுக்கு. தண்ணியே ஊத்தாதீங்க. இருக்கறதையே மறந்துடுங்க."

மறப்பதுதான் அண்ணிக்குக் கஷ்டம். சொம்போடு பால்கனிக்குப் போவார், டப்பாவைப் பார்ப்பார், தண்ணீரைத் தானே குடித்துவிட்டுத் திரும்புவார். ஒரு மாதத்தில் அவருக்கு உடம்பு தேறியது; செடியும் தேறியது.

அதன்பின் வாரம் ஒரு டப்பா. ஒவ்வொன்றைப் பற்றியும் ரவுண்டானாக்காரர் என்ன சொன்னாரோ அதை அண்ணி சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு ஒப்பிப்பார். கற்றாழையின் இலைகள் பிறக்கும்போது நடுக்குருத்தில் ஒன்றோடொன்று இறுக்கி ஒட்டிக்கொண்டிருக்குமாம். அவ்வளவு நெருக்கத்தில் ஒன்றின் பல் இன்னொன்றின் முதுகில் அழுந்தி, விரிந்த பிறகும் அந்தத் தடம் சாகும்வரை இலையில் இருக்குமாம். என் கையைப் பிடித்து அந்தத் தடத்தின்மேல் ஓடவிட்டுக் காட்டினார். நிஜம்தான். அலையலையாக, யாரோ நகத்தால் கோலம் இழுத்த மாதிரி இருந்தது.

"ஒரே ரூம்ல ஏழு பேர் படுத்து எழுந்த மாதிரி," என்றார் என் கணவர்.

இரண்டாவது டப்பாவில் ஒரு பந்து வந்தது. கைக்கு அடங்கும் பச்சைப் பந்து. தடித்த குட்டி இலைகள் செதில் செதிலாக அடுக்கி, ஒவ்வொன்றின் விளிம்பிலும் சுண்ணாம்பால் கோடு போட்டது போல வெள்ளை. அது குட்டியும் போடாது, அவசரமும் படாது. நாலு மாதம் பார்த்தோம், அப்படியே உட்கார்ந்திருந்தது. "பிளாஸ்டிக்கைக் குடுத்து ஏமாத்திட்டாரு," என்று என் கணவர் கட்சி கட்டினார்.

மூன்றாவது, சவரம் செய்யாத கற்றாழை. இலை ஓரம் முழுக்க வெள்ளை நார் உரிந்து சுருள் சுருளாகத் தொங்கும். அண்ணி முதல் நாள் அதைக் கத்தரிக்கோலால் ஒழுங்காக வெட்டிவிட்டார். ரவுண்டானாக்காரரிடம் பெருமையாகச் சொல்லப்போக, அவர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, "அதோட அழகே அதுதானே சிஸ்டர்!" என்று மருத்துவமனை வராந்தாவே திரும்பிப் பார்க்கக் கத்தினாராம்.

ஒரு நாள் துண்டு உலர்த்தப் போன என் கணவரின் கெண்டைக்காலில் மஞ்சள் கரைக்காரன் குத்திவிட்டான். மறுநாள் அண்ணி, புது ஊசிகளின் நுனியில் வரும் பிளாஸ்டிக் மூடிகளைப் பை நிறையக் கொண்டுவந்து, ஒவ்வொரு முள்ளுக்கும் ஒன்று மாட்டினார். பால்கனி முழுக்கக் கற்றாழைகள் தொப்பி போட்டுக்கொண்டு நின்றன. எதிர்வீட்டுக்காரர்கள் எங்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஆறாவதோ ஏழாவதோ டப்பாவில் முள்ளே இல்லாத கற்றாழை வந்தது. வெளிர்ப்பச்சை, மெத்தென்ற அகல இலை, ரோஜா மாதிரி விரிந்த தலை. தண்டு வளர்ந்து அதன் உச்சியில் தலையை ஏந்தி நிற்குமாம். பூக்கும்போது பூத்தண்டு யானைத் தும்பிக்கை போல வளைந்து தரையைத் தொடப் பார்க்குமாம்.

"இதுக்கு மூடி வேணாம். சாது," என்று அதன் இலையைத் தடவினார் அண்ணி. "உங்க கைக்கு எதுக்கு முள்ளுன்னு கொண்டு வந்தாராம்."

எனக்கு அன்றுதான் சந்தேகம் தட்டியது. ஆனால் ஒரு விஷயம் இடித்தது. அவர் அண்ணியை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிட்டார். ஊர் முழுக்க நர்ஸுகளை அப்படித்தான் கூப்பிடும், சரி. இருந்தாலும் வார்த்தைக்கு வார்த்தை சிஸ்டர் என்கிற மனிதர் எந்த வழியாக எங்கே போய்ச் சேருவார்? மனைவி இறந்து பதினோரு வருடம், மகள் வெளியூரில், இவர் தனிக்கட்டை என்பதெல்லாம் விசாரித்து வைத்துக்கொண்டேன். வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அப்போதுதான் ரவுண்டானாவின் நடுவில் இருந்த மூத்த கற்றாழை எழுந்தது.

அது ஒரு ராட்சசச் செடி. ஒவ்வொரு இலையும் ஆள் நீளம், அடியில் தொடைப் பருமன். இருபத்திரண்டு வருடம் முன்பு ரவுண்டானாக்காரர் தம் கையால் வைத்தது. ஒரு காலை நடுக்குருத்து வெடித்து, மூடிய கைமுட்டி போல ஏதோ எட்டிப்பார்த்தது. அவர் அங்கிருந்து மருத்துவமனைக்கு ஓடியே வந்தார். வரிசையைத் தாண்டித் திரைக்குள் தலையை நீட்டி, மூச்சு வாங்க, "சிஸ்டர், வந்துடுச்சு!" என்றார்.

"என்ன வந்துச்சு? காய்ச்சலா?"

"பூத்தண்டு!"

உள்ளே ஊசிக்காகப் படியெண்ணிக்கொண்டிருந்தவர் பதினாலில் நிறுத்திவிட்டு, "எங்க?" என்று எழுந்துவிட்டாராம்.

அன்று முதல் மதிய இடைவேளையில் அண்ணி டிபன் பாக்ஸோடு ரவுண்டானாவுக்குப் போக ஆரம்பித்தார். பெயின்டால் கோடு போட்ட ஒரு நீளக் குழாயைச் செடிக்குப் பக்கத்தில் நட்டு, இரண்டு பேரும் தண்டை அளப்பார்கள். முதல் வாரம் நாளுக்கு ஒரு சாண். சில நாள் ஒரு சாணும் நாலு விரலும். ராத்திரிச் சாப்பாட்டில் அண்ணி அளவைச் சொல்லிவிட்டுத்தான் தட்டைத் தொடுவார்.

"நான் மீசை முளைச்சு வளந்தப்போகூட இவ என்னை இப்படி அளக்கல," என்று குறைப்பட்டுக்கொண்டார் என் கணவர்.

அந்த இனம் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் பூக்கும் என்று அண்ணி சொன்னபோது, நான் கொஞ்சம் குறும்பாக, "அதுவும் உங்களை மாதிரி லேட்டுதான் அண்ணி," என்றேன்.

அவர் என்னை முறைத்தார். "பூத்தா செத்துடும்டி அது. என்னை எதுக்கு அதோட சேக்கற?"

அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.

தண்டு இரண்டு ஆள் உயரத்தைத் தாண்டியதும் ஊருக்கு அண்ணாந்து பார்ப்பதே வேலையாகப் போயிற்று. அண்ணாந்து பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டியதில் ஒரே வாரத்தில் இரண்டு பேர் முன்னால் போன வண்டியில் முட்டினார்கள். நகராட்சிப் பொறியாளர் தண்டை வெட்டச் சொல்லி உத்தரவு போட்டார். ரவுண்டானாக்காரர் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊசி அறை வாசலில் வந்து நின்றார்.

அதிர்ஷ்டம் பாருங்கள், மறுநாளே அந்தப் பொறியாளர் ஏதோ வேலையை மேற்பார்வை பார்க்கப் போய் ஆணியை மிதித்துவிட்டு அண்ணியிடம் வந்தார். பெரிய உருவம். ஊசியைக் கண்டால் குலை நடுக்கம். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கண்ணை இறுக மூடினார். அண்ணி வழக்கம்போலக் கவனத்தைத் திருப்ப ஒரு கேள்வி கேட்டார். படியைக் கேட்கவில்லை.

"ரவுண்டானா கத்தாழைய எப்போ சார் வெட்டப் போறீங்க?"

பொறியாளர் கண்ணைத் திறந்தார். எதிரே மருந்து ஏற்றிய ஊசி.

"எப்போ... எப்போ வெட்டினா நல்லதும்மா?"

"பூத்து முடிச்சப்புறம்."

"அப்படியே செஞ்சிடலாம். மெதுவா போடுங்க."

"அப்பவே போட்டாச்சு சார். எழுந்திரிங்க."

நான் மிரட்டவே இல்லை, பேச்சுக்குக் கேட்டேன் என்று அண்ணி இன்றும் சத்தியம் செய்கிறார். நான் நம்புகிறேன். பொறியாளர் சொன்ன சொல் தவறவில்லை. ஒரே ஒரு நிபந்தனை: காற்றில் தண்டு சாயாமல் மேலே கயிறு கட்டிப் பக்கத்து விளக்குக் கம்பங்களோடு இழுத்துக் கட்ட வேண்டும். அதற்காகத் தெருவிளக்கு மாட்டும் வண்டியையும் அனுப்பினார். நீளக் கை நுனியில் இரண்டு பேர் நிற்கும் தொட்டி இருக்குமே, அந்த வண்டி.

வண்டி வந்த அன்று தண்டு ஏழு மீட்டர். பக்கவாட்டில் கிளைகள் நீட்டி, ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரு தட்டு நிறைய மஞ்சள் பூ. கீழ்த்தட்டுகள் பூத்தாகிவிட்டன, மேலே மொட்டு. ரவுண்டானாக்காரர், "மேல வந்து பாக்கறீங்களா சிஸ்டர்?" என்று கேட்டிருக்கிறார். மூன்றாவது மாடியிலேயே பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்கும் அண்ணி, எந்த தைரியத்திலோ தொட்டிக்குள் ஏறிவிட்டார்.

மேலே போனதும் தலை கிறுகிறுத்தது. கீழே நாலா பக்கமும் வண்டிகள் சுற்றின. சுற்றிச் சுற்றி வந்தது எது, வண்டியா, ஊரா, தானா என்று தெரியவில்லை. கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்துப்போயின.

"உங்க ஆஸ்பத்திரி வாசல்ல எத்தனை படி?" என்று கேட்டார் ரவுண்டானாக்காரர்.

அண்ணி எண்ணத் தொடங்கி, மூன்றாவது படியில் விஷயம் புரிந்து, வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பயம் போய்விட்டது. அப்புறம்தான் பூவைப் பார்த்தார். ஒவ்வொரு பூவும் வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்றது, உள்ளே தேன் தளும்பியது. தேனீக்கள் இரைந்தன. ஒரு காக்கை தலை முழுக்க மஞ்சள் மகரந்தத்தோடு உட்கார்ந்திருந்தது. ஒரு மைனா குடித்த குடியில் கால் தடுமாறிக் கீழ்க்கிளைக்கு இறங்கியது.

கயிறு கட்டி முடித்ததும் ரவுண்டானாக்காரர் தொண்டையைச் செருமினார். "இனிமே உங்களை சிஸ்டர்னு கூப்பிட முடியாதுங்க."

"ஏன், நான் வேலைய விட்டுட்டேனா?"

"இல்லீங்க. எனக்கு மனசு வரல."

அண்ணிக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது, "முதல்ல கீழ இறக்கச் சொல்லுங்க," என்றார்.

வண்டி ஓட்டுநர் நெம்புகோலை இழுத்தார். தொட்டி அசையவில்லை. மறுபடி இழுத்தார். எண்ணெய் ஒழுகியதே தவிர தொட்டி இறங்கவில்லை. "ஆள் அனுப்பிச்சிருக்கேன், அரை மணி நேரம் பொறுத்துக்கங்க!" என்று கீழிருந்து கத்தினார்.

நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரும் பஸ் அந்த ரவுண்டானாவைச் சுற்றித்தான் வரும். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நான் தற்செயலாக அண்ணாந்தேன். ஆகாயத்தில், மஞ்சள் பூவுக்கு நடுவில், வெள்ளை கோட்டில் என் நாத்தனார்.

"அண்ணி! அங்க என்ன பண்றீங்க?"

"பூ பாக்கறேன்!" என்று பதில் வருவதற்குள் பஸ் திரும்பிவிட்டது.

"ஊசியக்காவா அது?" என்றார் டிரைவர். அவருக்கு நாய்க்கடிக்கு ஐந்து ஊசியும் போட்டவர் அண்ணிதான். ஸ்டீயரிங்கை ஒடித்து, போக வேண்டிய சாலையில் போகாமல், ரவுண்டானாவை மறுபடி ஒரு சுற்று சுற்றினார்.

"ஏன் இறங்கல?" என்று கத்தினேன்.

"வண்டி மாட்டிக்கிச்சு! இவர் என்னை இனிமே சிஸ்டர்னு கூப்பிட மாட்டாராம்!"

பஸ் நகர்ந்தது. பயணிகள் அத்தனை பேரும் இந்தப் பக்கம் வந்துவிட்டதில் வண்டியே ஒருபுறம் சாய்ந்தது. "கேளும்மா, என்ன பதில் சொன்னாங்கன்னு கேளு," என்று பின்சீட்டில் ஒருவர் என் தோளை உலுக்கினார். நான் கண்டக்டரைப் பார்த்தேன். விதிப்படி அவர் விசில் அடித்திருக்க வேண்டும். "இன்னொரு ரவுண்டு விடுப்பா," என்றார் டிரைவரிடம்.

மூன்றாம் சுற்று. "நீங்க என்ன சொன்னீங்க?"

"இன்னும் சொல்லல! நீ என்ன நினைக்கற?"

நான் வாயைத் திறப்பதற்குள், "சரின்னு சொல்லுங்கக்கா!" என்று மொத்த பஸ்ஸும் கத்தியது. எதிரே வந்த லாரி ஹாரன் அடித்தது. என்ன ஏது என்று தெரியாமலே இரண்டு ஸ்கூட்டர்காரர்கள் கை தட்டினார்கள். எனக்குச் சிரிப்பு, அழுகை, தலைச்சுற்றல் எல்லாம் ஒன்றாக வந்தது. நாலாம் சுற்றில் நிமிர்ந்து பார்த்தபோது அண்ணி ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை வாயருகே குவித்தார்.

"சரின்னு சொல்லிட்டேன்! தம்பிகிட்ட நீயே சொல்லிடு!"

என் கணவரிடம் பயந்து பயந்துதான் சொன்னேன். "அவ அவரைப் பாக்க வேண்டியதெல்லாம் முதல் நாளே பாத்துட்டா. இனிமே நாம என்ன பாக்கறது?" என்றார். அதோடு சம்மதம் முடிந்தது.

பதிவு அலுவலகத்தில் கல்யாணம். சாட்சிக் கையெழுத்துப் போட பஸ் டிரைவரும் பொறியாளரும் வந்தார்கள். அண்ணி டப்பாக்களோடு ரவுண்டானாக்காரர் வீட்டுக்குப் போனார். எங்கள் பால்கனி காலியாகி, துண்டு உலர்த்த இடம் கிடைத்தது. என் கணவர் முதல் இரண்டு நாள் சந்தோஷமாக உலர்த்தினார்; மூன்றாம் நாள், ஒரு டப்பாவாவது விட்டுவிட்டுப் போயிருக்கலாம் என்றார்.

மூத்த கற்றாழை பூத்து முடித்து, காய் உலர்ந்து, இலை இலையாகச் சாய்ந்தது. ஆறு மாதம் ஆயிற்று. தண்டை வெட்டிய அன்று அண்ணி சாப்பிட உட்காரவில்லை. "கீழ பாரு, பத்தொன்பது குட்டி இருக்கு," என்றார் ரவுண்டானாக்காரர். "அதுங்க வேற, இது வேற," என்றார் அண்ணி. அவர் ஒரு தட்டில் சோறு போட்டுக்கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

போன மாதம் நாங்கள் நாலு பேரும் ரவுண்டானாக்காரருடைய மகளைப் பார்க்க ரயிலில் போனோம். ஒரு வறண்ட மேட்டுச் சரிவில், தண்டவாளத்தின் இரு பக்கமும் வேலியாக நார்க் கற்றாழை வைத்திருந்தார்கள். வாள் மாதிரி நேர் இலைகள். வரிசையாகப் பூத்தண்டுகள், பூ உதிர்ந்த இடத்திலெல்லாம் செடியின் தலையிலேயே குட்டிகள் முளைவிட்டு, விழக் காத்துக்கொண்டிருந்தன. அண்ணி ஜன்னலில் முகத்தை வைத்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு," என்று தண்டுகளை எண்ண ஆரம்பித்தார். ரவுண்டானாக்காரர் எதிர் ஜன்னலுக்கு ஓடி அந்தப் பக்கத்தை எண்ணினார். பெட்டியில் இருந்தவர்கள் முதலில் முறைத்தார்கள், பிறகு சேர்ந்துகொண்டார்கள். டிக்கெட் பரிசோதகர் வந்து, "என்ன நடக்குது இங்க?" என்று அதட்டிவிட்டு, விவரம் தெரிந்ததும், "முப்பத்தி ரெண்டை விட்டுட்டீங்க, கம்பத்துக்குப் பின்னாடி இருந்துச்சு," என்றார்.

அந்தப் பக்கம் நாற்பத்தேழா நாற்பத்தெட்டா என்று இறங்கும்வரை சண்டை. பரிசோதகர் நாற்பத்தெட்டு என்றே சாதித்தார். திரும்பி வரும்போது சரிபார்க்கலாம் என்றால், பாழாய்ப்போன ரயில் அந்த இடத்தை இருட்டில் கடந்துவிட்டது.